எதிர்த்தவரே எழுத வேண்டும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கதை விவாத அறைகளில் புதிதாக உட்காரத் தொடங்கியிருக்கும் தங்களுக்கு இதை எழுதுகிறேன். தங்களில் சிலர் திரைப்படத்துக்கும் சிலர் தொலைக்காட்சித் தொடருக்கும் எழுதுகிறீர்கள். நானும் அத்தகைய அறைகளில் பல ஆண்டுகள் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். காட்சிகளை எப்படிப் பிரிப்பது, எந்த இடத்தில் இடைவேளை விடுவது என்பவற்றைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல விரும்புவது ஓர் இயக்குநரையும், அவருடன் சேர்ந்து எழுதிய ஒருவரையும் பற்றியது. இருவர் பெயரையும் எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் தாங்கள் அவர்களுடைய படங்களைத் தேடிப் போவீர்கள். நான் சொல்ல வந்தது அந்தப் படங்கள் எதிலும் இல்லை.

நான் ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. சில ஆண்டுகள் தறியில் இருந்தேன். பிறகு ஒரு பட்டுப் புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மற்றவற்றை நூலகத்தில் படித்துக்கொண்டேன். வெளியூர் செல்லும் பார்சல்களின் மேல் விலாசம் எழுதுவது கடையில் என் பொறுப்பு. அந்தக் கையெழுத்தின் பொருட்டே நான் இத்தொழிலுக்குள் அழைக்கப்பட்டேன்.

கடையின் முதலாளி ஒரு காலத்தில் சென்னையில் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தவர். நான் மேலே குறிப்பிட்ட இயக்குநரின் கூட்டாளி அவர்தான். படத்தின் தொடக்கத்தில் யார் பெயரை முதலில் போடுவது என்ற சண்டையில்தான் இருவரும் பிரிந்தார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கடையில் சேர்ந்த புதிதில் அதை நான் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"சண்டையா? எங்க நைனா பூட்டாரு. கடைய யாரு பாக்கறது? நீயா வந்து பாப்ப?" என்றார்.

தந்தை இறந்ததால் கடையைப் பார்க்க ஊர் திரும்பினார்; அதற்குமேல் அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை.

அந்த இயக்குநரின் படங்களை ஆரணித் தியேட்டர்களில் பார்த்து வளர்ந்தவன் நான். கறுப்பு வெள்ளைக் காலம் தொட்டுத் தாமே எழுதித் தாமே இயக்கியவர் என்று பெயர் பெற்றவர் அவர். ஆயினும் ஒருபோதும் தனியாக எழுதியதில்லை. முதலில் ஒரு நாடக ஆசிரியருடன் எழுதினார். அந்தப் படங்களில் எல்லோரும் அழகாகப் பேசுவார்கள். தியேட்டரில் கைதட்டல் ஓயாது. அடுத்து எங்கள் முதலாளியுடன் எழுதினார். இந்தப் படங்களில் ஒருவர் கேட்டதற்கு மற்றவர் பதில் சொல்லமாட்டார். தம் மனத்தில் எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அதற்கே பதில் சொல்வார். வீட்டுக்கு நடந்து திரும்பும்போதுதான் அந்தப் பதிலின் பொருள் நமக்கு விளங்கும். முதலாளி ஊர் திரும்பிய பிறகு, படித்த இளைஞர் ஒருவருடன் எழுதினார். அந்தப் படங்களில் குறை என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. மக்கள் போகவில்லை.

பின்னாளில் இந்தக் கருத்தை இயக்குநரிடமே துணிந்து சொன்னேன். "அந்தப் பையன் நான் சொன்ன எல்லாத்துக்கும் சரின்னான் தம்பி. ரொம்ப நல்ல பையன்," என்று மட்டும் சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் காலை அவர் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து, பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே கடைக்கு வந்து சேர்ந்தார். தோளில் ஒரு பை. முதலாளி எழுந்து நிற்கவில்லை. விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த புடவையை மடிக்கவும் இல்லை.

"வாங்க சார். பொண்ணுக்கு முகூர்த்தப் பொடவையா?"

"எனக்குப் பொண்ணே கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா முதலாளி? கதை ஒண்ணு இருக்கு. கேக்கறியா?"

"கடைய மூட முடியாது சார்."

"மூட வேணாம். மேல ரூம் சும்மாதானே இருக்கு."

மேல் அறை சும்மா இருக்கவில்லை. ஜரிகைப் பெட்டிகளும் அட்டைப் பெட்டிகளும் நிறைந்திருந்தன. அவற்றை ஒருபுறம் ஒதுக்கிப் பாய் விரித்தேன். அன்றே என்னைப் படி எடுத்து எழுதுபவனாக இருக்கச் சொன்னார்கள். இயக்குநர் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் வந்து மாலையில் போவார்.

அவருடைய கடைசி இரண்டு படங்களும் ஓடவில்லை. சென்னையில் ஒரே ஒரு தயாரிப்பாளர்தான் அவரிடம் கதை கேட்கச் சம்மதித்திருந்தார். முன்னணி நடிகர் ஒருவரின் தேதிகள் அந்தத் தயாரிப்பாளர் கையில் இருந்தன. கதை பிடித்தால் படம்; பிடிக்காவிட்டால் அந்தத் தேதிகள் வேறோர் இயக்குநருக்குப் போய்விடும். அதன்பின் இவரைக் கூப்பிட யாரும் இல்லை. இது இருவருக்கும் தெரியும். இருவரும் இதைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை.

கதை இதுதான். ஒருவன் நீண்ட காலம் சிறையில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறான். அவன் இறந்துவிட்டதாகச் சொல்லியே மனைவி மகனை வளர்த்திருக்கிறாள். மகன் இப்போது லாரிகளைப் பழுது பார்க்கும் பெரிய பட்டறை வைத்திருக்கிறான். தந்தை தான் யார் என்று சொல்லாமல் அந்தப் பட்டறையிலேயே காவலாளியாகச் சேர்கிறான். மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் வாய் திறப்பதில்லை. மகன் மற்ற வேலையாட்களைத் திட்டுவது போலவே இவனையும் திட்டுகிறான். இவன் அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறான்.

இருவருக்கும் சென்னைக் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் ஒரு காட்சியைச் சொல்லி, மற்றவர் அதை எதிர்த்தால், எதிர்த்தவரே அந்தக் காட்சியை எழுத வேண்டும். சொன்னவர் எழுதக்கூடாது. எனக்கு இது விளங்கவில்லை. பிடிக்காதவரிடம் கொடுத்தால் அவர் அதைக் கெடுத்துவிடமாட்டாரா என்று கேட்டேன்.

"புடிச்சவன் எழுதினா அதுல இருக்கற ஓட்டை தெரியாது தம்பி," என்றார் இயக்குநர். "புடிக்காதவனுக்கு ஓட்டை மட்டும்தான் தெரியும். அடைக்கறதுக்கு அவன்தான் சரி."

"அத்தோட, எழுதணுமேன்னு பயந்துகினு எவனும் சும்மா சும்மா எதிர்க்கமாட்டான்," என்றார் முதலாளி.

எங்கள் ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், இருவர் சேர்ந்து எழுதுவதை இருவர் சேர்ந்து ஒரு தறியில் நெய்வதோடு ஒப்பிட்டுப் பேசுவது உண்டு. தறியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒப்புமை பொருந்தாது. தறியில் இருவர் கண் முன்னாலும் ஒரே டிசைன் இருக்கும். அதை மாற்ற இருவருக்கும் உரிமை இல்லை. அந்த அறையில் டிசைன் என்று ஒன்று இல்லை. ஒருவர் கொண்டு வந்ததை மற்றவர் கிழிப்பார். கிழித்தவரே தைத்துக் கொடுப்பார்.

வியாபாரம் நிற்காமல் நடந்தது. நெசவாளர்கள் மேலே வந்தே புடவையைக் காட்டுவார்கள். முதலாளி முந்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே விவாதத்தில் இருப்பார். ஒருமுறை தேவிகாபுரம் பஸ்ஸில் வந்த நெசவாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க, புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மாவ மொதல்ல சாவடிச்சுடலாம் சார், அவ இருந்துகினு இருந்தா எல்லாருக்கும் பேஜாரு," என்றார் முதலாளி. வந்தவர் மெல்ல எழுந்து என்னிடம் வந்து, ஏதாவது குடும்பத் தகராறா, நான் நாளைக்கு வரட்டுமா என்று கேட்டார். அம்மா சாகவில்லை. இயக்குநர் அதை எதிர்த்தார். எனவே அம்மா சாகும் காட்சியை அவர்தான் எழுத வேண்டியதாயிற்று. எழுதிப் பார்த்ததில், அவள் செத்தால் கதையில் தந்தையைத் தவிர உண்மை அறிந்தவர் யாருமே இல்லாமல் போவது தெரிந்தது. இருவரும் அதைக் கைவிட்டார்கள்.

இந்த வழக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. இருவருக்கும் ஒரு காட்சி பிடித்துவிட்டால் எழுத ஆள் கிடையாது. தந்தை பட்டறைக்கு வரும் முதல் காட்சியில் அப்படி நேர்ந்தது. மகனுடைய நெற்றியில் குழந்தைப் பருவத்துத் தழும்பு ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துத் தந்தை அடையாளம் கண்டுகொள்கிறான் என்று இயக்குநர் சொன்னார். முதலாளி, "சூப்பர் சார்," என்றார். பிறகு இருவரும் காகிதத்தைத் தொடவில்லை. கடைசியில் இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.

"நீ எதிர்க்கறியா?"

நான் படி எழுதுபவன் என்றேன்.

"அதான் கேக்கறேன். எழுதும்போது கை எங்கயாவது நின்னுதா?"

நின்றது. அதை மறைப்பது முறையல்ல என்று தோன்றியது. மகனைத் தேடித்தானே அவன் வருகிறான், இவன்தான் மகன் என்று தெரிந்தே வருகிறவனுக்குத் தழும்பு எதற்கு என்று சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி காகிதங்களை என் முன்னால் தள்ளிவிட்டுக் கீழே வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

அதுவே நான் எழுதிய முதல் காட்சி. தழும்பை எடுத்துவிட்டேன். மகன் அவனிடம், உன் பெயர் என்ன என்று கேட்கிறான். தந்தை அந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. தன் மகனிடமே தனக்கு ஒரு பெயர் வைத்துச் சொல்ல வேண்டும். எதிரே நிற்கும் லாரியின் நெற்றியில் எழுதியிருந்த பெயரைச் சொல்கிறான். அவ்வளவுதான். இயக்குநர் படித்துவிட்டு மற்றக் காகிதங்களோடு சேர்த்து வைத்தார். மாலையில் முதலாளி, "இன்னாபா, விலாசம் எழுதறவனும் சீனு எழுத ஆரம்பிச்சுட்டான். இனிமே பார்சலுக்கு நான்தான் விலாசம் எழுதணும் போல," என்றார்.

இவ்விடத்தில் சற்று விலகி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதப் போனேன். அங்கே ஓர் அறையில் எழுத்தாளர்கள் பலர் இருந்தார்கள். இந்த வழக்கத்தை அங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் முதல் ஒருவரும் எதையும் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் எழுத வேண்டுமே. ஒரு மாமியார் தம் மருமகளை மூன்றாவது முறையாகக் கிணற்றில் தள்ளினார். அதற்கும் அறை முழுவதும் தலையசைத்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. ஆரணியின் மேல் அறையில் இந்த வழக்கம் பயன் தந்தது அது ஒரு விதி என்பதால் அல்ல. அந்த இருவருக்கும் எழுதும் சுமையைவிட, தவறான காட்சி படத்தில் இருந்துவிடும் என்ற உறுத்தல் பெரிதாக இருந்தது. அந்த உறுத்தல் இல்லாத அறையில் எந்த வழக்கமும் சோம்பலுக்கே உதவும். தாங்கள் இதைப் பின்பற்ற நினைத்தால், முதலில் உடன் இருப்பவர் யார் என்று பாருங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

முடிவுக் காட்சியில் இருவரும் மோதினார்கள். மகனுக்கு உண்மை தெரிய வேண்டும், தந்தையின் காலில் அவன் விழ வேண்டும், அதற்காகத்தான் மக்கள் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள் என்றார் இயக்குநர். தெரியவே கூடாது என்றார் முதலாளி. பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அது போதும், அவர்கள் தெரிந்துகொண்டே வீட்டுக்குப் போகட்டும் என்பது அவர் வாதம். பல நாள் இதே பேச்சு. நெசவாளர்கள்கூட மேலே வருவதைத் தவிர்த்தார்கள். முடிவில் முதலாளி எதிர்த்தவர் என்று ஆனது. எனவே மகன் தந்தையின் காலில் விழும் காட்சியை அவரே எழுத வேண்டும்.

அவர் எழுதவில்லை. இயக்குநர் காலையில் வந்து பார்ப்பார். முதலாளி ஜரிகை விலை ஏறியதைப் பற்றிப் பேசுவார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போவார். ஒருமுறையும் அவசரப்படுத்தவில்லை, நானே எழுதிக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை.

இந்த நிலையில் தயாரிப்பாளரிடமிருந்து கடைக்குத் தொலைபேசி வந்தது. அவர் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. பட்டு எடுக்கக் குடும்பத்தோடு ஆரணிக்கு வருகிறார். வந்த இடத்திலேயே கதையையும் கேட்டுவிடுகிறேன் என்றார். மற்ற இயக்குநர் காத்திருப்பதால் அன்றே முடிவு சொல்லிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வந்தார்கள். மனைவியும் மகளும் உறவினர்களும் கீழே வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து புடவை பார்க்க, தயாரிப்பாளர் மேலே வந்து பாயில் உட்கார்ந்தார். முதலாளி கீழே வாடிக்கையாளர்களைக் கவனித்தார். நான் இருவருக்கும் நடுவே படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

இயக்குநர் கதை சொல்லும் விதம் தனியானது. நடித்துக் காட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். நேற்று பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வது போலச் சொல்வார். கேட்பவர் மெல்ல முன்னால் சாய்ந்து வருவார். தயாரிப்பாளரும் அப்படியே சாய்ந்தார். பாதிக் கதையில் அவர் மனைவி, அரக்கு நிறப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இது நன்றாக இருக்கிறதா என்று கணவரிடம் கேட்க மேலே வந்தார். வந்தவர் கதவருகே நின்று கேட்கத் தொடங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முடிவு நெருங்கியது. இயக்குநர் நிறுத்தினார்.

"கடைசி சீனை அவர் சொல்வார். தம்பி, முதலாளியைக் கூப்பிடு."

நான் கீழே போய்ச் சொன்னேன். முதலாளி கையிலிருந்த புடவையை விற்பனையாளரிடம் கொடுத்துவிட்டு ஏறி வந்தார். அவர் எதுவும் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். இயக்குநருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் நின்றபடியே சொன்னார். தாய்க்கு உடம்பு முடியாமல் போகிறது. சாவி கொடுக்க வீட்டு வாசலுக்கு வந்துபோகும் காவலாளியின் இருமல் கேட்கும்போது, காய்ச்சலில் தன்னை மறந்து அவன் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். மகன் கேட்டுவிடுகிறான். பட்டறைக்கு வருகிறான். எல்லா வேலையாட்களும் பார்க்க அந்தக் கிழவனின் காலில் விழுகிறான். நான் திட்டிய திட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி அடி என்று கேட்கிறான். தந்தை கையை ஓங்குகிறான். ஓங்கிய கை மகனின் தலைமேல் வந்து நிற்கிறது.

அத்தனை நாளாக அந்தக் காட்சி கூடாது என்று வாதாடியவர் அவர். சொல்லி முடிக்கும்போது அவர் குரல் உடைந்தது. அது பாவனை அல்ல. தயாரிப்பாளரின் மனைவி, தோளில் கிடந்த அரக்குப் புடவையின் முந்தியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுதான் சார் படம்," என்றார்.

இயக்குநர் தம் காகிதங்களை அடுக்கினார். பிறகு, "இந்த சீன் வேணாம்," என்றார்.

முதலில் புரிந்துகொண்டவர் முதலாளிதான். "இன்னா சார் வெளையாடறீங்க? நீங்கதான கேட்டீங்க? இத்தினி நாளு நீங்கதான சண்ட போட்டீங்க?"

"நான்தான் கேட்டேன். நீ சொல்லிக் கேட்டப்பறம்தான் தெரியுது. காவலாளியா இருக்கற வரைக்கும் அவனுக்கு ஒரு மகன் இருக்கான். தெனமும் திட்டறான், போய்ச் சாப்பிடுன்னு சொல்றான். கால்ல விழுந்துட்டா அப்பறம் அவன் மகன் இல்ல முதலாளி. மன்னிப்பு கேக்கறவன்."

"நான் இப்பதான் சார் இதுல உயிர வெச்சேன்."

"அதனாலதான் தெரிஞ்சது."

இருவரும் இடம் மாறிவிட்டிருந்தார்கள். வேண்டாம் என்றவர் வேண்டும் என்றார். வேண்டும் என்றவர் வேண்டாம் என்றார். இருவரில் ஒருவரும் பிடிவாதத்துக்காகப் பேசவில்லை. ஒருவர் சொல்ல நேர்ந்ததால் மாறினார், மற்றவர் கேட்க நேர்ந்ததால் மாறினார். தயாரிப்பாளருக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. தாம் அழுத காட்சி இருந்தால் நாளைக்கே வேலையைத் தொடங்கலாம், இல்லாவிட்டால் தமக்கு இந்தக் கதை வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார்.

இங்கே தாங்கள் சற்று நிற்க வேண்டும். அந்த நேரத்தில் சரி என்று சொல்லிவிட்டு, படம் முடியும் தறுவாயில் அந்தக் காட்சியை நீக்கிவிடலாம். அப்படிச் செய்தவர்களை நான் அறிவேன். அவர்களில் சிலர் நல்ல படங்களும் எடுத்திருக்கிறார்கள். இயக்குநருக்கு இந்த வழி தெரியாததல்ல. ஆனால் முடிவு எதுவோ அதற்கேற்பத்தான் முதல் காட்சியிலிருந்தே எல்லாவற்றையும் அவரால் எடுக்க முடியும். பொய்யான முடிவை நோக்கிப் படம் எடுத்தால் வழியெல்லாம் பொய்யாகும் என்பது அவர் கணக்கு. "எனக்கு எடுக்கத் தெரியாதுங்க," என்று மட்டும் தயாரிப்பாளரிடம் சொன்னார்.

தயாரிப்பாளர் எழுந்து, மனைவியை முன்னால் அனுப்பிவிட்டு, முதலாளியை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினார். படியின் திருப்பத்தில் நின்று அவரிடம் தணிந்த குரலில் பேசினார். நான் மேல்படியில் காலி சோடா பாட்டில்களோடு நின்றேன். கதையில் உங்கள் பங்கும் உண்டு, கடைசிக் காட்சி உங்களுடையதுதானே, நீங்கள் எழுதிக் கொடுங்கள், வேறோர் இயக்குநரை வைத்துக்கொள்ளலாம், உங்கள் பெயரைத் தனியாகப் போடுகிறேன் என்றார்.

முதலாளி படியில் கிடந்த ஜரிகை நூல் ஒன்றைக் குனிந்து எடுத்தார். சற்று முன்பு அவர் குரல் உடைந்ததை நான் கேட்டிருந்தேன். அந்தக் காட்சி அவருக்கு இப்போது எவ்வளவு வேண்டியதாக இருந்தது என்பதை அறிந்திருந்தேன். எதுவும் நடக்கலாம் என்றே எண்ணினேன்.

"அது என் சீனு இல்லீங்க," என்றார் முதலாளி. "அவரு கேக்கலன்னா நான் ஜென்மத்துக்கும் அத்த சொல்லியிருக்கமாட்டேன். அவரு வேணாம்னா, அது கெடையாது."

"அவருக்கு இதுக்கப்பறம் படமே கிடைக்காதுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுங்க. வாங்க, அம்மா பொடவயோட காத்துகினு இருக்காங்க."

புடவைகளை அவர்கள் எங்கள் கடையிலேயே எடுத்தார்கள். தயாரிப்பாளரின் மனைவி வேறு கடைக்குப் போக மறுத்துவிட்டார். அரக்கு நிறப் புடவையில் கண்ணீர் பட்டுவிட்டதால் அதையும் சேர்த்துக்கொண்டார். கார் புறப்பட்டுப் போன பிறகு முதலாளி மேலே வந்தார்.

"படம் பூடிச்சு சார்."

"தெரியும்."

"பொடவ வித்துடுச்சு."

இயக்குநர் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். முதலாளி எதிரே உட்கார்ந்தார். பிறகு, யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார்கள் என்று நான் எதிர்பார்த்த நேரத்தில் முதலாளி கேட்டார்:

"இப்ப அந்த சீன எதிர்க்கறது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான எழுதணும்."

"யாருக்கு எழுதறது?"

"எனக்கு இன்னா தெரியும்? வழக்கம் உங்களுது."

இயக்குநர் என்னிடம் காகிதம் கேட்டார். விளக்குப் போடும் நேரம் வரை எழுதினார். எழுதியதை முதலாளி படித்தார். பிறகு நான் படி எடுத்தேன். அந்தக் காட்சி இது.

தாய் காய்ச்சலில் பெயரைச் சொல்கிறாள். மகன் கேட்டுவிடுகிறான். பட்டறைக்கு வருகிறான். வாசற்கதவு திறந்து கிடக்கிறது. காவலாளி நாற்காலியில் அசந்து உட்கார்ந்திருக்கிறான். மகன் அவன் எதிரே வந்து நிற்கிறான். காவலாளி பதறி எழுகிறான். கிழவன் அவன் முகத்தைப் பார்க்கிறான். தெரிந்துவிட்டதோ என்று அவனுக்குப் பயம் வருகிறது. அந்தப் பயத்தை மகன் பார்த்துவிடுகிறான். உடனே, "கேட்டை இப்படித் திறந்து போட்டுட்டுத் தூங்கறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று வழக்கம் போலத் திட்டுகிறான். கிழவனின் முகம் தெளிகிறது. கதவை மூடப் போகிறான். மூடிவிட்டுத் திரும்பி வரும் வரை மகன் அங்கேயே நிற்கிறான். போய்ச் சாப்பிடு என்கிறான். படம் முடிகிறது.

மகனுக்குத் தெரியும். தந்தைக்கு, மகனுக்குத் தெரியும் என்பது தெரியாது. இருவரும் கேட்டது அதில் இருந்தது. இருவரும் மறுத்தது அதில் இல்லை. படித்து முடித்த முதலாளி, "இதுல எதிர்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார்," என்று சொல்லிவிட்டுக் கடையை அடைக்கக் கீழே போனார்.

அதைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினோம். அவர் அதற்குள் மற்ற இயக்குநருக்கு முன்பணம் கொடுத்துவிட்டிருந்தார். இன்னும் இருவரிடம் கதை சொல்லப்பட்டது. ஒருவர் மகனுக்கு ஒரு சண்டைக் காட்சி கேட்டார். மற்றவர் யோசித்துச் சொல்வதாகக் காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அவை திரும்பி வரவில்லை; எங்களிடம் வேறு படியும் மிஞ்சவில்லை. இயக்குநர் அதன்பின் படம் எடுக்கவில்லை. ஆரணிக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. உடல் இடம் கொடுத்தவரை வந்து, மேல் அறையில் உட்கார்ந்து புதிய கதைகளைச் சொன்னார். முதலாளி புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே எதிர்த்தார். இருவரும் இன்று இல்லை.

அவருடைய சிறந்த படம் எது என்று கேட்டு இளைஞர்கள் என்னிடம் வருவதுண்டு. எடுக்கப்பட்ட படங்களில் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவேன். தங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவர் எழுதியவற்றுள் சிறந்த முடிவு எந்தத் திரையிலும் இல்லை, எந்தக் காகிதத்திலும் இல்லை. நான் மேலே எழுதியிருப்பது என் நினைவிலிருந்து எழுதியது. ஒரு சொல்லும் கூட்டவில்லை. எனக்குப் பிறகு இதை அறிந்தவர் எவரும் இருக்கமாட்டார்.

ஆகவே இந்தக் குறிப்பைத் தங்களிடம் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.